தலைவலிக்காரர்களின் பெருந்தொற்று

இது நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். தலைவலிக்காரர்கள் செல்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு படியுங்கள்.

பழைய மாணவி ஒருத்தி போன மாதம் பேசும்போது ஒரு கேள்வி கேட்டாள். “டீச்சர், எனக்கும் என் தங்கைக்கும் ஒற்றைத் தலைவலி அம்மா வழியில் வந்தது. கொரோனா வருஷத்தில் எனக்கு அது பாதியாகக் குறைந்துவிட்டது. தங்கைக்கு வாரத்தில் மூன்று நாள் என்று ஆகிவிட்டது. ஒரே அம்மா வயிற்றில் பிறந்தோம், ஒரே ஊரடங்கில் இருந்தோம். இது எப்படி?”

நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியதை வரலாற்று டீச்சரிடம் கேட்கிறாளே என்று முதலில் தோன்றியது. பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இதில் பாதி வரலாற்றுக் கேள்விதான் என்று தெரிந்தது. பெருந்தொற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சாவுகளை எண்ணுவார்கள், அது நியாயம்தான். ஆனால் தொற்று வருவதற்கு முன்பே ஒரு நோயோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் அந்த வருடங்களை எப்படிக் கடந்தார்கள் என்பது எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரேக்க மருத்துவர் காலன் இதற்கு “பாதி மண்டை” என்று பொருள்படும் ஹெமிகிரேனியா என்ற பெயரை வைத்தார். அது வாய்க்கு வாய் தேய்ந்துதான் பிரெஞ்சில் மைக்ரேன் ஆனது. ஆயுர்வேதத்தில் அர்த்தாவபேதகம், அதாவது பாதியைப் பிளப்பது. நமக்கு ஒற்றைத் தலைவலி. மூன்று நாட்டுக்காரர்களும் ஒரே இடத்தைத் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரு பக்கம் மட்டும் வலிப்பதில்லை. வலி வந்தால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். குமட்டும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பலருக்கு வாசனையும் ஆகாது. சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணெதிரே கோணல் கோணலாக மின்னல் கோடு ஓடும். உலகத்தில் 100 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த ஓர் ஆய்வில், வயது வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்திருந்தது. எனக்கும் ஐம்பது வயது வரை இருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு அதுவும் விடைபெற்றுக்கொண்டது. பல பெண்களுக்கு அப்படித்தான் ஆகும்.

இனி தொற்றுக்கு வருவோம். 1889 கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு காய்ச்சல் கிளம்பியது. ரஷ்யக் காய்ச்சல் என்று பெயர். ரயில் வண்டியில் ஏறி ஊர் சுற்றிய முதல் பெருந்தொற்று அது. சில வாரங்களில் ஐரோப்பா முழுக்கப் பரவி, 1890 தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அது இன்ஃபுளூயன்சாவா, இல்லை ஒரு வகைக் கொரோனா வைரஸா என்ற சந்தேகத்தை இன்றைய ஆய்வாளர்கள் சிலர் எழுப்பியிருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை. அன்றைய மருத்துவர்களின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது கடுமையான தலைவலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும்.

அதற்கு ஐந்தாறு வருடத்துக்கு முன்புதான் ஜெர்மனியில் லுட்விக் நோர் என்ற வேதியியலாளர் ஆன்டிபைரின் என்ற மருந்தைத் தயாரித்திருந்தார். செடி கொடியிலிருந்து எடுக்காமல் ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்பட்ட ஆரம்பகால வலி நிவாரணிகளில் ஒன்று. காய்ச்சலுக்கும் கேட்டது, தலைவலிக்கும் கேட்டது. ரஷ்யக் காய்ச்சலில் அது மளமளவென்று விற்றது. பெருந்தொற்று ஒன்று வந்து, வலி மாத்திரையை வீட்டு அலமாரிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது அங்கே ஆரம்பிக்கிறது. இந்த நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள், 2020 வரை இது வரும்.

அடுத்தது 1918. பம்பாய்த் துறைமுகத்தில் ஜூன் மாதம் காய்ச்சல் இறங்கியதையும், அந்த வருடக் கடைசிக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்ததையும் பத்தாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். அப்போது ஆன்டிபைரினின் இடத்துக்கு ஆஸ்பிரின் வந்திருந்தது. ஒரு நாளைக்கு 8 கிராமிலிருந்து 31 கிராம் வரை கொடுக்கலாம் என்று அன்று பரிந்துரைத்திருக்கிறார்கள். இன்று பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4 கிராம்தான். 1918இன் சாவுகளில் ஒரு பகுதிக்கு ஆஸ்பிரின் நஞ்சேறியதும் காரணமாக இருக்கலாம் என்று கேரன் ஸ்டார்கோ என்ற மருத்துவர் 2009இல் ஒரு கட்டுரை எழுதினார். அது ஊகம்தான், நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அளவு தெரியாமல் விழுங்கினார்கள் என்பது ஊகமில்லை.

அதே 1918இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் என்பவர் எர்காட் பூஞ்சையிலிருந்து எர்கோடமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இந்தப் பூஞ்சை கம்பு போன்ற ரை தானியத்தின் கதிரில் பிடிப்பது. இடைக்கால ஐரோப்பாவில் அந்த மாவைத் தின்ற ஊர் ஊராகக் கை கால் கருகி விழுந்தது. புனித அந்தோணியாரின் நெருப்பு என்று அந்த நோய்க்குப் பெயர். ரத்தக் குழாயைச் சுருக்குகிற அதே குணத்தை முதலில் பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுத்தினார்கள். 1925, 26 வாக்கில் மைக்ரேனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்டது. 1991இல் சுமாட்ரிப்டன் வரும் வரை மைக்ரேனுக்கென்று இருந்த முக்கியமான மருந்துகள் இந்தக் குடும்பத்திலிருந்தே வந்தன. பழைய கொள்ளைநோயின் விஷமே மருந்தாகப் பிரிந்தது, இன்னொரு கொள்ளைநோய் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த வருடத்தில். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. வருடம் ஒன்றாக இருப்பதால் சொல்கிறேன், பரீட்சைக்கு எழுதிவிடாதீர்கள்.

அந்தக் காலத்து ஒரு தலைவலிக்காரரின் பெயர் நமக்குத் தெரியும். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். தலைவலியும் காய்ச்சலும் அவரை மாறி மாறிப் படுக்கையில் தள்ளின. நோயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று 1926 ஜனவரியில் வெளிவந்தது. காதலுக்கும் துக்கத்துக்கும் இத்தனை சொல் வைத்திருக்கும் ஆங்கிலத்தில், தலைவலியை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லப் போனால் சொல்லே அகப்படவில்லை என்பது அவருடைய குறை. நமக்கு அந்தக் குறை இல்லை. பொட்டு தெறிக்கிறது, விண் விண் என்று குத்துகிறது, மண்டை இடிக்கிறது, பாரம் ஏறுகிறது, கண் பிதுங்குகிறது, சுற்றிலும் கயிறு போட்டு இறுக்குகிறது! இதில் எதைச் சொல்கிறோம் என்பதைக் கேட்டுத்தான் மைக்ரேனா, இறுக்கத் தலைவலியா என்று மருத்துவர் பிரிக்கிறார். சொல் இருந்தது. கேட்க ஆள் இருந்ததா என்பது வேறு விஷயம்.

1918 காய்ச்சலை ஒட்டிய வருடங்களில் தூக்கநோய் என்ற இன்னொரு தொற்றும் உலகைச் சுற்றியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது இன்றும் தீரவில்லை. அதில் பிழைத்து, சிலைபோல உறைந்துபோனவர்களை 1960களில் நியூயார்க்கில் பார்த்தவர் ஆலிவர் சாக்ஸ். அவர்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1973இல் வந்தது. அதற்கு முன்பு 1970இல் வந்த அவருடைய முதல் புத்தகம் எதைப் பற்றித் தெரியுமா? மைக்ரேன். அவரும் சிறுவயதிலிருந்தே தலைவலிக்காரர்தான். யாரும் கவனிக்காத நோயாளியின் பேச்சை உட்கார்ந்து கேட்கும் பழக்கம் இந்த இரண்டு புத்தகத்துக்கும் பொது. படிக்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி நாம் பார்த்த வருடம்.

2020 மார்ச் 14, சனிக்கிழமை. பிரான்சின் சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கலாம் என்று ட்விட்டரில் எழுதினார். 17ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சாளரும், நீங்களாக மாத்திரை எடுப்பதானால் பாராசிட்டமால் எடுங்கள் என்றார். 18ஆம் தேதி அதே நிறுவனம், ஐபுபுரூஃபெனைத் தவிர்க்கச் சொல்லும்படி எங்களிடம் சான்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. நமக்கு இது நாலு நாள் செய்தி. ஐபுபுரூஃபெனோ நாப்ராக்சனோ போட்டால்தான் எழுந்து நடக்க முடியும் என்று இருப்பவர்களுக்கு, கையில் இருக்கிற ஒரே ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்த மாதிரி. திருப்பிக் கொடுத்த செய்தி பறித்த செய்தி போன தூரம் போகவில்லை. வாட்ஸ்அப்பில் எது சுற்றும் என்று உங்களுக்குத் தெரியாதா?

பாராசிட்டமாலிலும் இழுபறி இருந்தது. மார்ச் 3ஆம் தேதியே மத்திய அரசு 26 மருந்து மூலப்பொருட்கள், அவற்றில் செய்யும் மருந்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பாராசிட்டமாலும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் காய்ச்சல், சளி மாத்திரை வாங்குகிறவர்களின் பெயர், விலாசத்தை மருந்துக்கடைக்காரர் குறித்துவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தொற்றுப் பரவலைக் கண்டுபிடிக்க அது தேவையாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் மாதத்தில் எட்டு நாள் தலைவலிக்கு மாத்திரை வாங்குகிற பெண் அந்த நோட்டில் எப்படித் தெரிந்திருப்பாள் என்று யோசியுங்கள். அதுவரை தலைவலி என்றால் சாக்கு. “இவளுக்கு எப்பப் பார்த்தாலும் தலைவலி” என்பார்கள். இப்போது தலைவலி என்றால் சந்தேகம். காய்ச்சல், இருமல், தலைவலி உண்டா என்று வாசலில் வந்து கேட்கிறார்கள். சென்னையில் சில தெருக்களில் வீட்டு வாசலில் தகரம் அடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு “ஒண்ணுமில்லை, நல்லா இருக்கோம்” என்று சொல்லி அனுப்பினார்களோ!

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144, நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ். மருத்துவ அவசரம், நெருங்கிய உறவின் திருமணம், சாவு என்று மூன்று காரணங்கள். மைக்ரேன் இந்த மூன்றில் எதில் சேரும்? மருத்துவ அவசரத்தில் சேர்க்க ஆளில்லை. உயிர் போகாத நோயாயிற்றே. பேருந்து ஓடாத அந்த மாதங்களில், தென்காசிப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போய் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பவர்கள் பார்க்க முடியாது. தலைவலி வராமல் தடுப்பதற்குத் தினமும் போடுகிற புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று விடக்கூடாது. அதைச் சொல்லி விளக்கவும் ஆள் எதிரில் இல்லை. பெரிய நாடுகளில் தலையிலும் கழுத்திலும் போடும் போடோக்ஸ் ஊசிகளைத் தள்ளிவைத்தார்கள். நம் ஊரில் அந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் கொஞ்சம்தான்.

ஒரு நல்லதும் நடந்தது, அதை விடக்கூடாது. ஊரடங்கு அமலுக்கு வந்த அதே மார்ச் 25 தேதியிட்டு, தொலைபேசி, வீடியோ வழியாக மருத்துவம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதாரத் துறை வெளியிட்டது. அதற்கு முன்பு அது சட்டப்படி சரியா தவறா என்றே தெளிவு இல்லாமல் இருந்தது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி புற நோயாளிப் பிரிவு வந்தது. அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. மைக்ரேனுக்கு இது பொருந்தும். ஸ்கேனில் தெரியாத நோய் இது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய் என்று கதை கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கதை கேட்கத் தொலைபேசி போதும். முதல் தடவை மட்டும் நேரில் போய் ரத்த அழுத்தமும் கண்ணின் உட்புறமும் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, அந்த மாணவி கேட்ட கேள்வி. ஊரடங்கில் மைக்ரேன் கூடியதா, குறைந்ததா? இரண்டு விதமாகவும் ஆய்வு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

நெதர்லாந்தின் லைடன் நகரத் தலைவலி மையத்தில் நோயாளிகள் தினமும் மின்னணுக் குறிப்பேட்டில் தலைவலியைப் பதிவு செய்துவருகிறார்கள். ஊரடங்குக்கு முந்தைய மாதத்தையும் முதல் மாதத்தையும் அதை வைத்து ஒப்பிட்டபோது, மைக்ரேன் நாட்கள் குறைந்திருந்தன. சிறிய குறைவுதான், ஆனால் குறைவு. குவைத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் இணையத்தில் கேள்வி கேட்டார்கள். பத்தில் ஆறு பேர் தலைவலி அதிகமாகிவிட்டது என்றார்கள். நரம்பியல் மருத்துவரோடு தொடர்பே அற்றுப்போனது என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள்.

இங்கே நம் பழைய பாடம் கைகொடுக்கும். சமகாலத்து நாட்குறிப்பும், பின்னால் நினைத்துச் சொல்லும் வாக்குமூலமும் ஒரே எடை உள்ள சான்றுகள் அல்ல என்று சொல்லிக்கொடுத்தேனே. ஆனந்தரங்கப் பிள்ளை அன்றன்றைக்கு எழுதி வைத்ததற்கு ஏன் அவ்வளவு மதிப்பு? லைடன் சான்று அன்றன்றைக்கு எழுதியது. குவைத் சான்று நினைவிலிருந்து சொன்னது. அதுவும் இணையத்தில் கேள்வி வந்தால் அதிகம் அவதிப்பட்டவர்தான் உட்கார்ந்து பதில் எழுதுவார். அதற்காகக் குவைத்தைத் தள்ளிவிட முடியுமா? லைடனில் பதிவு செய்தவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். நல்ல மருத்துவ மையத்தில் ஏற்கெனவே சேர்ந்து, தினமும் குறிப்பெழுதும் ஒழுங்கும் ஓய்வும் உள்ளவர்கள். அவர்களுக்கு ஊரடங்கு என்றால் வீட்டிலிருந்து வேலை, பயணம் இல்லை, தூக்கம் நேரத்துக்கு, விருந்து விசேஷம் இல்லை. வலி வந்தால் திரையை இழுத்துவிட்டுப் படுக்க ஓர் அறை உண்டு. வலி வருகிற நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு, விட்டதும் தொடரலாம். மைக்ரேனுக்கு எந்த மருத்துவரும் சொல்லும் வைத்தியம் அதுதான்: நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, வந்தால் இருட்டில் அமைதியாகப் படுக்கை.

இப்போது அக்காவையும் தங்கையையும் பாருங்கள். அக்காவுக்குச் சென்னையில் கணினி வேலை. தினமும் மூன்று மணி நேரம் பேருந்து, அலுவலகத்தில் குழல் விளக்கு, குளிர்சாதனக் காற்று, பக்கத்து மேசை சென்ட் வாசனை. எல்லாம் மார்ச் மாதத்தோடு நின்றது. வீட்டில் இரண்டு பேர், இரண்டு படுக்கையறை. தங்கை வீட்டில் மாமனார், மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு ஆறு பேர். ஒரு கூடம், ஓர் அறை. கணவருக்கு வருமானம் நின்றுபோனது. பிள்ளைகள் இருவருக்கும் ஒரே செல்பேசியில் வகுப்பு. கூடத்தில் காலையிலிருந்து இரவு வரை தொலைக்காட்சியில் சாவு எண்ணிக்கை. மூன்று வேளையும் ஆறு பேருக்கு அடுப்படி. முன்பெல்லாம் பதினோரு மணிக்கு எல்லோரும் வெளியே போனபின் அந்த அறை ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஊரடங்கு அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. வைரஸ் இரண்டு வீட்டுக்குள்ளும் நுழையவே இல்லை. ஒருத்திக்கு அறை கிடைத்தது, இன்னொருத்திக்குப் போனது. அவள் கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

வாசனையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூக்கால் தலைவலி வருகிறவர்களுக்கு அந்த வருடம் தனித் தண்டனை. தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர், வாசலில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலைப் புகை, சாம்பிராணி, கையில் சானிடைசர், வீட்டுக்குள் ஃபினாயில், ராத்திரி நீலகிரித் தைலம் போட்டு ஆவி. திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் கட்டி ஆட்களை அதற்குள் நடக்கவிட்டார்கள். ஆட்கள் மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்று ஏப்ரலிலேயே மத்திய சுகாதாரத் துறை சொன்னது. தெருவில் தெளிப்பதிலும் பலனில்லை என்று மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அடுத்த வருடம் மே மாதத்தில், பொது இடத்தில் கும்பலாக நின்று ஆவி பிடிக்காதீர்கள் என்று அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. பலனில்லாத நெடிக்காக எத்தனை நெற்றிப்பொட்டு தெறித்திருக்கும்!

செவிலியர் பணியில் இருக்கும் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். உங்கள் கதை வேறு. 2003இல் சார்ஸ் வந்தபோதே சிங்கப்பூரில் என்95 முகக்கவசம் போட்ட மருத்துவப் பணியாளர் 212 பேரிடம் கேட்டு, 37 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரி, மார்ச்சில் அதே சிங்கப்பூரில் 158 பேரிடம் மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை கவசத்தோடு கண்ணாடியும். 81 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தலைவலி. முன்பே தலைவலி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர், கவச உடையால் நோய் கட்டுப்பாட்டை விட்டுப் போனது என்றார்கள். அது குளிர்சாதன வசதியுள்ள ஊர். நம் ஊரில் கத்திரி வெயிலில், முழு உடைக்குள், தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம். கழிவறைக்குப் போகக் கவசத்தைக் கழற்ற வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்தோம் என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, இரவுப்பணி மாறி மாறி வருவது. மைக்ரேனை அழைக்க இதைவிட என்ன வேண்டும்?

பள்ளிக்கூடக்காரி என்பதால் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. இத்தாலியில் மைக்ரேன் உள்ள சிறுவர் சிறுமியரை ஊரடங்கின்போது பல மையங்களில் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தலைவலியின் கடுமை குறைந்திருந்தது. மோசமானது கொஞ்சம் பேருக்குத்தான். ஆய்வாளர்கள் கண்ட முக்கியக் காரணம், பள்ளிக்கூடத்தைப் பற்றிய பதற்றம் குறைந்தது. விடிகாலை எழுப்புதல், சாப்பிடாமல் ஓடுதல், மூட்டை, தேர்வு, வீட்டுப்பாடம். முப்பத்தோரு வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு இதைப் படிக்க இனிக்கவில்லை. ஆனால் சான்று அப்படித்தான் இருக்கிறது. நம் ஊரில் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே 2020 ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகும் வரை, இன்று நடக்கும் நாளை நடக்கும் என்று பிள்ளைகளை மூன்று மாதம் தொங்கவிட்டிருந்தோம். பிறகு சின்னத் திரையில் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி பார்த்த பிள்ளைக்காவது கொஞ்சம் தூரம் இருந்தது. ஐந்து அங்குலச் செல்பேசியைக் கண்ணருகில் பிடித்து கணக்குப் படித்த பிள்ளைகளின் நிலை இத்தாலியின் கணக்கில் அடங்காது.

2021இல் கதை திசை மாறியது. தடுப்பூசி போட்டால் தலை வலிக்கும், அது சாதாரணம், ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் மார்ச்சில் ஐரோப்பாவிலிருந்து, அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பின் மிக அரிதாகச் சிலருக்கு மூளையின் ரத்தக் குழாயில் கட்டி உறைகிறது என்ற செய்தி வந்தது. நம் கோவிஷீல்டும் அதே ஊசிதான். மே 17ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவில் இது பத்து லட்சம் ஊசிக்கு 0.61 என்ற அளவில்தான் இருக்கிறது, ஆனால் ஊசி போட்ட 20 நாட்களுக்குள் இன்னின்ன அறிகுறி வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள் என்று ஒரு பட்டியல். அதில் ஒன்று, விடாத கடுமையான தலைவலி, வாந்தியோடோ இல்லாமலோ. கூடவே அடைப்புக்குறிக்குள் ஒரு திருத்தம்: ஏற்கெனவே மைக்ரேனோ நாள்பட்ட தலைவலியோ இல்லாதவர்களுக்கு.

மருத்துவரீதியாக அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்று புரிகிறது. இல்லையென்றால் தலைவலிக்காரர்கள் அத்தனை பேரும் மருத்துவமனை வாசலில் நிற்பார்கள், அதுவும் படுக்கை கிடைக்காத மே மாதத்தில். ஆனால் அதைப் படித்த தலைவலிக்காரருக்கு என்ன கிடைத்தது? மற்றவர்களுக்கு எது அபாய மணி என்று சொல்லியாகிவிட்டது. உனக்கு மட்டும் மணி எது என்று சொல்லவில்லை. வழக்கமாக வருகிற மாதிரி இல்லாமல் வந்தால், வழக்கமான நேரத்துக்குள் விடாமல் நீடித்தால், வழக்கமான மாத்திரைக்குக் கேட்காவிட்டால், பார்வை மங்கினால், கை கால் மரத்தால் உடனே போ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இடம் இருந்தது.

அது போதாதென்று கரும்பூஞ்சை. மே 20ஆம் தேதி தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆக்கியது. கொரோனாவிலிருந்து தேறியவர்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் எச்சரிக்கை. அறிகுறி? ஒரு பக்கத் தலைவலி, ஒரு பக்க முகவலி, கண்ணைச் சுற்றி வலி. வருடக்கணக்காக அதே பக்கம், அதே கண்ணுக்குப் பின்னால் வலிப்பவர் இதைப் படித்துவிட்டு ராத்திரி எப்படித் தூங்குவார்? தூக்கம் கெட்டால் மறுநாள் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் பிடித்துக்கொள்ளச் சொன்ன நூலுக்கு வருகிறேன். 1890இல் ஆன்டிபைரின், 1918இல் ஆஸ்பிரின், 2020இல் பாராசிட்டமால். டோலோ என்ற சொல் தெரியாத வீடு இன்று உண்டா? மருந்துப் பெட்டியில் பட்டை பட்டையாக வாங்கி அடுக்கினோம். தலைவலிக்காரருக்கு அதில் ஒரு குழி இருக்கிறது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். எர்காட், டிரிப்டன், பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். வலிக்கிறது என்று போடுவோம், போடுவதால் வலிக்கும். அந்தக் குவைத் கணக்கெடுப்பிலும் பாதிக்கு மேற்பட்டோர் மாத்திரை அதிகம் எடுத்ததாகச் சொல்லியிருந்தார்கள். 2020இல் தொடங்கிய அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் நிற்கவில்லை. காலண்டரில் மாத்திரை போட்ட நாளைச் சுழித்துவையுங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

2021இல் மூளை ஆய்வுக்கான டென்மார்க்கின் பெரிய பரிசு, மைக்ரேன் எப்படி உண்டாகிறது என்று கண்டறிந்த நால்வருக்குப் போனது. எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலேசன். சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு சிறு புரதம் நரம்பு நுனியில் வெளிப்படுவதுதான் வலியைக் கிளப்புகிறது என்பதும், அதைத் தடுத்தால் வலியைத் தடுக்கலாம் என்பதும் இவர்கள் வழியில் தெளிவானது. 2018 முதல் அந்த மருந்துகள் சந்தைக்கு வந்துவிட்டன. விலை இன்னும் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டவில்லை.

உங்களில் யாராவது 2020, 21இல் தலைவலி நாட்களைக் காலண்டரிலோ நோட்டிலோ குறித்துவைத்திருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் வெளியிட மாட்டேன். செவிலியப் பிள்ளைகள் பணிப்பட்டியலையும் சேர்த்து அனுப்பினால் நல்லது.